கலீசி என்றால் சிரிப்பு, பெனிலோப்பி என்றால் மதிப்பு

ஒவ்வோர் ஆண்டும் மே மாதவாக்கில், முந்தைய ஆண்டு பிறந்த குழந்தைகளுக்கு என்னென்ன பெயர்கள் வைக்கப்பட்டன என்ற பட்டியலை அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடுகிறது. 1880-ஆம் ஆண்டு முதலான கணக்கு அவர்களிடம் இருக்கிறது. ஒரு பெயரை ஐந்து குழந்தைகளுக்காவது வைத்திருந்தால்தான் பட்டியலில் இடம். பெயர் ஆராய்ச்சியில் இறங்கியவர்கள் எல்லாரும் வந்து மொய்க்கிற இடம் அது. அந்தக் கணக்குப்படி 2012-இல் 146 பெண் குழந்தைகளுக்குக் ‘கலீசி’ என்று பெயர். 2018-இல் 560 பேருக்கு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது 2011 ஏப்ரலில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. செய்தி வந்ததும் ஊர் சிரித்தது. டிவி பார்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற கூட்டம் என்று பத்திரிகைகளில் கிண்டல், சமூக ஊடகங்களில் நையாண்டி. அதே பட்டியலில் பெனிலோப்பி, ஃபீபி, டாஃப்னி, லூனா எல்லாம் இருந்தன. அவற்றைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ‘என்ன அழகான, பழமையான பெயர்கள்’ என்றுதான் சொன்னார்கள். இத்தனைக்கும் ஹோமரின் பெனிலோப்பியும் கதையில் வருகிறவள், கலீசியும் கதையில் வருகிறவள்.

இந்தப் பாகுபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது என்பது என் கட்சி. கதை ஒரு பெயரைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெயர் ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்வது அந்த ஊர்க் காது. அது உயர்ந்ததா மட்டமா என்பதை முடிவு செய்வது, எந்த வகை மனிதர்கள் அதை வைக்கிறார்கள் என்ற ஊரின் கணிப்பு. மிதாலஜி, ஃபேன்டஸி என்ற பிரிவுக்கு இதில் வேலையே இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் எதிர்த்தரப்புக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது அவர்கள் வழக்கமாகச் சுட்டும் இடமல்ல.

முதல் ஆட்சேபம், ‘யாரோ ஒரு எழுத்தாளர் உட்கார்ந்து இட்டுக்கட்டிய பெயர்’ என்பது. சரி, ஆங்கில உலகில் இன்று யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத சில பெயர்களை எடுத்துக்கொள்வோம். வனெஸா என்பது ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழி எஸ்தர் வானம்ரிக்காகச் செய்த செல்லப்பெயர். குடும்பப் பெயரின் முதல் அசையையும் எஸ்தரின் செல்ல வடிவத்தையும் ஒட்டவைத்தார். 1726-இல் அச்சான ஒரு கவிதை வழியாக அது வெளியே வந்தது. பமீலாவை 16-ஆம் நூற்றாண்டில் ஃபிலிப் சிட்னி தன் கற்பனைக் காதல் கதைக்காக உருவாக்கினார். 1740-இல் சாமுவேல் ரிச்சர்ட்சனின் நாவல் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. மிராண்டாவும் ஜெஸிகாவும் ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து வந்தவை. 1980களின் பின்பாதியில் ஜெஸிகா அமெரிக்காவின் முதலிடத்துப் பெண் பெயர். இமோஜன் கதை இன்னும் வேடிக்கை. ஷேக்ஸ்பியர் எழுதியது ‘இன்னோஜன்’ என்றும், 1623 பதிப்பில் அச்சுக் கோத்தவர் செய்த பிழையால் அது இமோஜன் ஆனது என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அது உண்மையானால் ஓர் அச்சுப்பிழை இன்று இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பெண்களின் பெயராக உலவுகிறது. வெண்டி என்ற பெயரைப் பரப்பியது 1904-இல் மேடையேறிய ‘பீட்டர் பான்’, ஜே. எம். பாரிக்கு அந்த ஒலி கிடைத்தது ஒரு நண்பரின் சின்ன மகளின் மழலையிலிருந்து. இந்தப் பட்டியலை இன்னும் நீட்டலாம். கற்பனையில் பிறந்தது குற்றமென்றால் ஆங்கிலப் பெயர் அகராதியில் பாதியைக் கிழித்துப்போட வேண்டியிருக்கும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்கர். 1760களில் ஜேம்ஸ் மக்ஃபெர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பழங்காலப் பாணர் ஒசியன் பாடியவை என்று சொல்லிக் காவியங்களை வெளியிட்டார். கேலிக் மொழியிலிருந்து மொழிபெயர்த்தேன் என்றார். சாமுவேல் ஜான்சன் அதை மோசடி என்றே சொன்னார். வாய்மொழிக் கதைகளின் மூலக்கரு கொஞ்சம் இருந்தது உண்மைதான். மற்றபடி பெரும்பகுதி மக்ஃபெர்சனின் கைவண்ணம். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு ஃபேன்டஸித் தொடர். ஐரோப்பா முழுக்க அதற்குப் பித்துப்பிடித்து அலைந்தது. அந்தப் பித்தர்களில் ஒருவர் நெப்போலியன். தன் தளபதி பெர்னடோட்டுக்கு 1799-இல் மகன் பிறந்தபோது, அந்தக் காவியத்து வீரனின் பெயரான ஆஸ்கர் என்பதைச் சூட்டச் சொன்னார். பிற்பாடு வாரிசு இல்லாத ஸ்வீடன் அரசகுடும்பம் பெர்னடோட்டைத் தத்தெடுத்துக்கொள்ள, 1844-இல் அந்த மகன் முதலாம் ஆஸ்கராக அரியணை ஏறினார். அவருடைய மகன் ஒருவர் இரண்டாம் ஆஸ்கர். இப்போது ஸ்காண்டிநேவியாவில் ஆஸ்கரை விடச் சாதாரணமான பெயர் கிடைப்பது கஷ்டம். ஃபியோனா என்ற பெயரையும் நமக்குக் கொடுத்தது அதே மக்ஃபெர்சன்தான். ரசிகர் ஒருவர் தனக்குப் பிடித்த கதைநாயகனின் பெயரை ஞானப்பிள்ளைக்கு வைத்தார் என்ற அளவில், நெப்போலியன் செய்ததற்கும் 2018-இல் அந்த 560 வீடுகளில் நடந்ததற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

‘ஆனால் கிரேக்கப் பெயர்கள் மூவாயிரம் வருடப் பழமை கொண்டவை, அவற்றோடு இவற்றை ஒப்பிடலாமா’ என்பது அடுத்த கேள்வி. கதைகள் பழையவை, மறுப்பில்லை. அந்தப் பெயர்களைக் குழந்தைகளுக்கு வைக்கும் வழக்கம் அத்தனை பழையதா என்று பார்த்தால்தான் சிக்கல். பண்டைய கிரேக்கர்கள் பொதுவாகத் தெய்வத்தின் பெயரை அப்படியே தூக்கிப் பிள்ளைக்கு வைத்துவிட மாட்டார்கள். டயோனிசஸின் அடியவன் என்ற பொருளில் டயோனிசியஸ், அப்போலோவுக்குரியவன் என்ற பொருளில் அப்பொல்லோனியஸ் என்று ஒரு விலகல் வைத்துத்தான் வைத்தார்கள். பெர்செபொனி விஷயத்தில் இன்னும் அச்சம். பாதாள அரசியின் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தயங்கி, ‘கோரே’, அதாவது கன்னி என்று சுற்றிவளைத்துச் சொன்னார்கள். இன்று அமெரிக்கத் தொட்டில்களில் தூங்கும் பெர்செபொனிகளைப் பார்த்தால் ஒரு பழைய ஏதென்ஸ்காரர் கலவரமடைந்திருப்பார்.

பிறகு கிறித்தவம் வந்தது, ஞானஸ்நானப் பெயர்கள் வந்தன, தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் வேரூன்றியது. கிரேக்கர்கள் பல நூற்றாண்டுகள் யோர்கோஸ், யானிஸ், மரியா என்றே பெயரிட்டு வந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேசிய எழுச்சி தொடங்கியபோதுதான் படித்தவர்கள் பழங்காலப் பெயர்களைத் தோண்டியெடுத்தார்கள். 1817-இல் கிடோனியேஸ் நகரத்துப் பள்ளி மாணவர்கள், இனிப் பழைய கிரேக்கத்தில்தான் பேசுவோம் என்று முடிவெடுத்து, தங்கள் பெயர்களையே மாற்றிக்கொண்டதைப் பிரெஞ்சுப் பயணி ஃபிர்மன் டிடோ பதிவு செய்திருக்கிறார். திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை. ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளுக்குப் பழங்காலக் கிரேக்கப் பெயர்களை வைக்கும் ‘புது வழக்கத்தை’ கண்டித்து 1819-இல் கான்ஸ்டான்டிநோபிள் பிதாப்பிதா ஐந்தாம் கிரிகோரி சுற்றறிக்கையே விட்டார். கிரேக்கத் தொன்மப் பெயர்கள் கிரேக்கர்களிடையிலேயே 200 ஆண்டுகளுக்கு முன் நாகரிகக் கோளாறாகப் பார்க்கப்பட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சுற்றறிக்கை பலிக்கவில்லை. கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸின் குடும்பத்தைப் பாருங்கள்: அப்பா சாக்ரட்டீஸ், அம்மா பெனிலோப்பி, அக்கா ஆர்ட்டெமிஸ். ஸ்மிர்னா நகரத்துப் புகையிலை வியாபாரி வீடு அது, தத்துவப் பள்ளியல்ல.

இதில் திருச்சபைக்கு ஓர் இக்கட்டும் இருந்தது. பழைய தெய்வங்கள் ஏற்கெனவே புனிதர்களின் தோளிலேறி உள்ளே வந்துவிட்டிருந்தன. பிரான்சின் பெரும் புனிதர் டெனிஸ், மதுத் தெய்வத்தின் அடியவர் என்ற பெயருக்குச் சொந்தக்காரர். மார்ட்டின் போர்த்தெய்வம் மார்ஸிலிருந்து வந்தது. இசிதோர் என்றால் இசிஸ் தேவியின் கொடை. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் வாழ்த்துச் சொல்லும் வரிசையைப் படித்துப் பாருங்கள். தமிழ் விவிலியத்தில் பெபேயாள் என்று வருகிறவள்தான் ஃபீபி, டைட்டன் இனத்துத் தேவியின் பெயர் கொண்டவள். எர்மே என்பது ஹெர்மீஸ்; நேரே என்பது கடல் தெய்வம் நெரியஸ். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மார்ட்டின், டெனிஸ், இசிதோர் என்ற பெயர்களில் எத்தனையோ பக்தியுள்ள கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் புறச்சமயத் தெய்வத்தின் பெயரைச் சுமக்கிறவர்கள் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பெயரைச் சுமந்த மனிதர்கள் மாறினார்கள், பழைய கதை உதிர்ந்துபோனது.

கலீசி என்பது பெயரே அல்ல, பட்டம் என்று ஒரு கூடுதல் குற்றச்சாட்டு உண்டு. தொடரில் வரும் டோத்ராக்கி மொழியில் ‘கால்’ என்ற தலைவனின் மனைவிதான் கலீசி. பாத்திரத்தின் சொந்தப் பெயர் டெனேரிஸ். பாமரர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று ரசிகர்களிலேயே ஒரு பகுதியினர் அங்கலாய்த்தார்கள். ராணி, ராஜா, இளவரசி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த அங்கலாய்ப்பு புரியவே புரியாது. ரெஜீனாவும் சாராளும்கூட அரசகுலத்துச் சொற்கள்தான். நியூசிலாந்தில் அதிகாரப்பூர்வப் பட்டங்களை ஒத்த பெயர்களைப் பதிவு செய்ய முடியாது என்று சட்டமே இருக்கிறது; கிங், பிரின்ஸ் என்று விண்ணப்பிப்பவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வருகிறார்கள். ஆனால் இல்லாத நாட்டின் பட்டத்தைச் சூடிக்கொண்டு யாரையும் ஏமாற்ற முடியாது. அமெரிக்காவில் மேடிசன் என்ற பெயர் வந்த கதையும் இங்கே பொருந்தும். 1984-இல் வந்த ‘ஸ்பிளாஷ்’ படத்தில் ஒரு கடற்கன்னி நியூயார்க் தெருப் பலகையைப் பார்த்து அதையே தன் பெயராக எடுத்துக்கொள்கிறாள். அதெல்லாம் ஒரு பெயரா என்று கதாநாயகன் கேட்பதுதான் நகைச்சுவை. 2001-இலும் 2002-இலும் மேடிசன் அமெரிக்கப் பெண் பெயர்களில் இரண்டாமிடம். அந்த வசனம் இன்றைய பிள்ளைகளுக்கு நகைச்சுவையாகவே படாது.

கதை பெயரைத் தீர்மானிப்பதில்லை என்றால், கதையில் வரும் ஆயிரம் பெயர்களில் சில மட்டும் ஏன் தொட்டிலுக்குப் போகின்றன? இங்கேதான் காது வருகிறது. ஹார்வர்டு சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் 2000-இல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாக வாதிட்டார். பெயர் நாகரிகத்தை வெளிநிகழ்ச்சிகள் தள்ளுவதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது உள்ளிருந்தே நகர்கிறது, ஒலிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று பெருகுகின்றன என்றார். விவிலியப் பெயர்கள் அமெரிக்காவில் மீண்டும் ஏறிய காலத்தில் தேவாலயம் போகிறவர்கள் கூடவில்லை என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. 2012-இல் ஜோனா பெர்கரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் விசித்திரமானது. கத்ரீனா புயலுக்குப் பிறகு ‘க’ ஒலியில் தொடங்கும் பெயர்கள் சுமார் 9 விழுக்காடு கூடின. அழிவைக் கொண்டுவந்த புயலின் பெயரை யாரும் விரும்பி வைப்பதில்லை. ஆனால் அந்த ஒலி காதில் விழுந்துகொண்டே இருந்தது, ஒட்டிக்கொண்டது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். ஆர்யா என்ற பெயர் 2018-இல் அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது. அதே தொடரின் சான்ஸாவுக்கு அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. காரணம் பாத்திரத்தின் வீரம் மட்டுமல்ல; மாயா, மியா, ஆரியா என்று ஏற்கெனவே அந்த ஒலிக்குச் சந்தை இருந்தது. (நம் ஊரில் ஆர்யா என்றதும் திரைப்பட நடிகரைத்தான் நினைப்போம், அது வேறு.) ஹாரி பாட்டர் புத்தகங்களில் கோடிக்கணக்கானவர்கள் நேசித்த பெண் ஹெர்மாயினி. அசல் கிரேக்கப் பெயர், டிராய் ஹெலனின் மகள் பெயர், ஷேக்ஸ்பியரும் பயன்படுத்தியது. மிதாலஜியும் ஃபேன்டஸியும் ஒன்றாகச் சேர்ந்து தள்ளியும் அது அமெரிக்காவின் முதல் ஆயிரத்துக்குள் வரவில்லை. உச்சரிப்பே குழப்பம். நாலாவது புத்தகத்தில் அவளே ஒரு மாணவனுக்குத் தன் பெயரை அசை பிரித்துச் சொல்லிக்கொடுக்கும்படி ரௌலிங் எழுத வேண்டியிருந்தது. ஆனால் 2003-இல்தான் தொடருக்குள் நுழைந்த, ஓரமாக நின்ற லூனாவின் பெயர் 2022-இல் முதல் பத்துக்குள் போய்விட்டது. இரண்டு அசை, உயிரொலி முடிவு, ஸ்பானியக் குடும்பங்களுக்கும் ஆங்கிலக் குடும்பங்களுக்கும் பொது. 2015 இறுதியில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கைலோ ரென் பெற்ற தகப்பனைக் கொல்கிறான். மறு ஆண்டே அமெரிக்க ஆண் பெயர்களில் மிக வேகமாக ஏறியது கைலோ. மைலோ, ஆர்லோ என்று ‘லோ’வில் முடியும் பெயர்கள் அலையடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கொலை யார் கண்ணிலும் படவில்லை.

கிரேக்கப் பக்கமும் இதே கதைதான். 1970களில் அமெரிக்க ஆண் பெயர்களின் உச்சிக்கு அருகில் இருந்த ஜேசன், தனக்காக எல்லாவற்றையும் இழந்த மெடியாவைக் கைவிட்டவன். டாஃப்னி துரத்தப்பட்டு மரமானவள். கசாண்ட்ரா உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லாமல் செத்தவள். பெயர் வைக்கிறவர்கள் கதாகாலட்சேபம் கேட்டுவிட்டா வைக்கிறார்கள்?

அப்படியானால் கலீசிக்கு மட்டும் ஏன் இந்தச் சிரிப்பு? ஜெர்மனியில் கெவினுக்கு நடந்ததைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. கெவின் அயர்லாந்தின் ஆறாம் நூற்றாண்டுப் புனிதர் ஒருவரின் பெயர். பழமை வேண்டுமென்றால் வேண்டிய மட்டும் இருக்கிறது. 1991-இல், ‘ஹோம் அலோன்’ படம் ஜெர்மன் திரையரங்குகளுக்கு வந்த ஆண்டில், அது அங்கே முதலிடத்து ஆண் பெயரானது. பத்து இருபது ஆண்டுகளில் அந்தப் பெயரே கேலிப்பொருளாகிவிட்டது, ‘கெவினிஸ்முஸ்’ என்ற நோய்ப்பெயரோடு. 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தினர் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தபோது, கெவின் என்றால் படிப்பு வராத, அடங்காத பையன் என்ற எண்ணமும், ஷார்லட், மாக்சிமிலியன் என்றால் நல்ல பிள்ளை என்ற எண்ணமும் வெளிப்பட்டன. அது சிறிய ஆய்வுதான், மலையளவு எடை வைக்க வேண்டாம். ஆனால் ஆசிரியர்களின் கண்ணுக்குத் தெரிந்தது புனிதரும் அல்ல, படமும் அல்ல. பெயர் வைத்த குடும்பத்தின் வருமானம்.

அமெரிக்காவில் 2004-இல் வந்த இரண்டு ஆய்வுகளை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். கறுப்பினத்தார் பெயர்களைவிட வெள்ளையர் பெயர்களுக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. ரோலண்ட் ஃப்ரையரும் ஸ்டீவன் லெவிட்டும் கலிஃபோர்னியப் பிறப்புப் பதிவுகளை அலசி, குடும்பப் பின்னணியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பெயரால் மட்டும் பிற்கால வாழ்க்கை கெட்டுப்போவதாகத் தெரியவில்லை என்றார்கள். முரண்பாடுபோலத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றையே சுட்டுகின்றன. பெயரைக் கேட்பவர்கள் அதற்குப் பின்னாலிருக்கும் வீட்டைத்தான் எடைபோடுகிறார்கள். பெனிலோப்பி என்றால் புத்தக அலமாரி உள்ள வீடு என்று ஊகம். கலீசி என்றால் பெரிய டிவி உள்ள வீடு என்று ஊகம். இந்த ஊகம் சரியா தவறா என்பதைவிட, இதை ‘ரசனை’ என்று சொல்லிக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

கிரேக்க, ரோமானியப் பெயர் என்றாலே கௌரவம் என்பதும் எப்போதும் இருந்த நிலையல்ல. ரோமில் ஹெர்மீஸ், ஈரோஸ் போன்ற தெய்வப் பெயர்கள் அடிமைகளிடையே சர்வ சாதாரணம், வாங்கியவர்கள் வைத்தது. அந்த ரோமானிய வரலாற்றைப் படித்து வளர்ந்த அமெரிக்கத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளுக்கு ஜூபிடர், வீனஸ், பாம்ப்பே, சீசர், கேட்டோ என்று பெயரிட்டார்கள். தாமஸ் ஜெஃபர்சனின் தனிப் பணியாளாக இருந்த அடிமையின் பெயர் ஜூபிடர்; இருவரும் 1743-இல் பிறந்தவர்கள். தேவர்களின் அரசன் பெயரைத் தாங்கியவர், முதலாளியின் காலணியைத் துடைக்க வேண்டும். அந்தப் பரிகாசம் முதலாளி வர்க்கத்துக்குப் பிடித்திருந்தது. விடுதலைக்குப் பின் கறுப்பின மக்கள் இப்படிப்பட்ட பெயர்களைப் பெருமளவு உதறினார்கள். முகமது அலி 1964-இல் காஷியஸ் கிளே என்ற பெயரை அடிமைப் பெயர் என்று சொல்லித் துறந்தபோதும் அந்த நினைவு பின்னால் இருந்தது. அவருடைய தந்தைக்கு அந்தப் பெயர் வந்தது அடிமைமுறையை எதிர்த்த ஒரு கென்டக்கி வெள்ளையரின் நினைவாக என்பது வரலாற்றின் குறும்பு. ஒரே கிரேக்க, ரோமானியக் கதைத் தொகுப்பு. ஓரிடத்தில் இழிவு, ஓரிடத்தில் மேட்டிமை. மாறியது பெயரை வைக்கும் கைதான்.

இப்போது எதிர்த்தரப்பின் நியாயத்துக்கு வருவோம். ஹோமருக்குப் பதிப்புரிமை கிடையாது. பெர்செபொனியை ஹேடீஸ் கடத்திப்போனான் என்று பழைய பாடல் சொன்னாலும், 2018-இல் தொடங்கிய ‘லோர் ஒலிம்பஸ்’ இணையச் சித்திரத்தொடர் அதைக் காதல் கதையாக்கியது. 2019-இல் பிராட்வேக்கு வந்த ‘ஹேட்ஸ்டவுன்’ வேறுவிதமாகச் சொன்னது. யார் வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லலாம், அதனால் எந்த ஒரு சொல்லலும் பெயரை முழுதாகக் கைப்பற்ற முடியாது. ‘தொடரும்’ போட்டு நிற்கும் கதை அப்படியல்ல. அதற்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார், அவர் நாளைக்கு என்ன செய்வார் என்று தெரியாது. அடிமைகளை விடுவித்தவள் என்று நம்பிப் பெயர் வைத்தவர்கள், 2019 மே மாதம் டெனேரிஸ் ஒரு நகரத்தையே எரித்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2024-இல் இங்கிலாந்தில் கலீசி என்ற ஆறு வயதுச் சிறுமியின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை, வணிகமுத்திரை வைத்திருக்கும் வார்னர் பிரதர்ஸ் அனுமதி வேண்டும் என்று சொல்லி அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். வணிகமுத்திரை சரக்குக்குத்தான், மனிதப் பெயருக்கில்லை என்பதால் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பெனிலோப்பிகளுக்கு இந்தத் தொல்லை வராது. முடியாத கதையிலிருந்து பெயரெடுப்பது ஒரு பந்தயம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

ஒப்புக்கொண்டாலும் அந்தப் பந்தயத்தில் தோற்றால் இழப்பு அவ்வளவு பெரிதல்ல. 2015 ஜூலையில் அமெரிக்க நாவலாசிரியர் ஹார்ப்பர் லீயின் பழைய கைப்பிரதி வெளியாகி, அவருடைய முந்தைய நாவலில் நீதிமானாக வந்த அட்டிக்கஸ் ஃபிஞ்ச் இனவெறியராகக் காட்டப்பட்டபோது, அட்டிக்கஸ் என்று மகனுக்கு வைத்தவர்கள் துடித்துப்போனதாகச் செய்திகள் வந்தன. பெயர் அதற்குப் பிறகும் பட்டியலில் நின்றது. மறுபக்கம், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைய, உரிமையாளர் இல்லாத எகிப்தியத் தேவி இசிஸின் பெயரை ஒரு பயங்கரவாத அமைப்பின் ஆங்கிலச் சுருக்கம் அடித்துப்போட்டது. 2015-இல் அது அமெரிக்காவின் முதல் ஆயிரத்திலிருந்து விழுந்தது. பழமை காப்பீடு தராது.

பள்ளியில் கேலி செய்வார்களே, எழுத்துக்கூட்டிச் சொல்லியே வாழ்நாள் போகுமே என்ற கவலை எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. அதற்கு யுலிசிஸ் கிராண்ட் என்ற அமெரிக்கத் தளபதியைக் காட்டலாம். 1822-இல் ஒஹையோவில் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கக் குடும்பத்தார் சீட்டெழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். ஒரு பாட்டி அப்போது ஃபெனெலோன் எழுதிய டெலிமாக்கஸ் கதையைப் படித்து மயங்கியிருந்தார். 1699-இல் பிரான்சில் வெளியான அந்த நூல் ஒடிசியுஸ் என்ற யுலிசிஸின் மகனை வைத்துப் புதிதாகக் கட்டிய சாகசக் கதை. இன்றைக்கு எழுதியிருந்தால் ரசிகர் புனைவு என்று வகைப்படுத்தியிருப்போம். தொப்பியிலிருந்து யுலிசிஸ் வந்தது. தாத்தாவின் திருப்திக்காக முன்னால் ஹைரம் சேர்ந்தது. ஊர்ப் பையன்கள் ‘யூஸ்லெஸ்’ என்று கூப்பிட்டார்கள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளிக்கு 1839-இல் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் தவறுதலாக யுலிசிஸ் எஸ். கிராண்ட் என்று எழுதிவிட, அதுவே நிலைத்தது. யு. எஸ். என்ற முதலெழுத்துகளைப் பார்த்துச் சக மாணவர்கள் ‘அங்கிள் சாம்’ என்றார்கள், அது சாம் என்று சுருங்கியது. 1862-இல் உள்நாட்டுப் போரின்போது டோனல்சன் கோட்டையில் எதிரிகளிடம் நிபந்தனையற்ற சரணடைதலைத் தவிர வேறெதையும் ஏற்க மறுத்தார். அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தும் யு. எஸ்.தான் என்று வடமாநிலப் பத்திரிகைகள் கொண்டாடின. கதை யுலிசிஸின் இத்தாக்கா தீவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.